ஒரு வாக்கியம், 14 சொல்: 'பஸ்' நவுனா அட்ஜெக்டிவா?

கொழிஞ்சாம்பாறை_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஏழாம் வகுப்பு, தமிழ் மீடியம். கேரளப் பள்ளிகளுக்கான யு.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்காக டியூஷன் அனுப்புகிறோம். அங்கே ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் அது என்ன வகை என்று எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். இந்தப் பெட்டியில் தமிழ் எழுத்து மட்டும்தான் ஏறுகிறது, அதனால் ஒலிப்படியே அடிக்கிறேன்:

"தி ஓல்ட் பஸ் ஸ்டாண்ட் இஸ் நியர் தி டெம்பிள், பட் நோபடி வெயிட்ஸ் தேர் ஆஃப்டர் சிக்ஸ்."

அவள் எழுதியதில் நான்கைச் சிவப்பில் சுழித்து அனுப்பிவிட்டார்கள். 'தி' ஆர்ட்டிகிள் என்று எழுதியிருந்தாள், அட்ஜெக்டிவ் என்று திருத்தம். 'பஸ்' நவுன் என்று எழுதியிருந்தாள், அதுவும் அட்ஜெக்டிவாம். 'நியர்' அட்வெர்ப் என்றும் 'ஆஃப்டர்' கன்ஜங்ஷன் என்றும் போட்டிருந்தாள், இரண்டையும் பிரிபொசிஷன் ஆக்கியிருக்கிறார்கள். ஏன் என்று ஒரு வரி கிடையாது.

நான் பொள்ளாச்சியில் படித்தவள். பெயர், வினை, இடை, உரி வரைக்கும் தெரியும். வீட்டுக்காரர் சித்தூரில் மலையாளம் மீடியம், அவர் நாமம், கிரியை, விசேஷணம் என்கிறார். பிள்ளை நடுவில் முழிக்கிறாள். "பஸ் எப்படிம்மா அட்ஜெக்டிவ் ஆகும், அது ஒரு வண்டிதானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செக்போஸ்ட்_சிவா

அக்கா, ஆறு மணிக்கு மேல் ஆளே நிற்காத பஸ் ஸ்டாண்ட் வேலந்தாவளமா கோபாலபுரமா, அதை முதலில் சொல்லுங்கள் :)

நானும் பி.எஸ்.சி. நடத்தும் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கும் தலைவலிதான். கைடில் போட்டிருப்பது: பெயரைச் சொன்னால் நவுன், செயலைச் சொன்னால் வெர்ப், குணத்தைச் சொன்னால் அட்ஜெக்டிவ். அப்படிப் பார்த்தால் 'ஸ்டாண்ட்' என்றால் நிற்பது, அது செயல். வெர்ப் என்றுதானே வரவேண்டும்? அதை நவுன் என்று எழுதியதற்கு டிக் போட்டிருக்கிறார்களே, எப்படி?

மீனாட்சிபுரம்_மாஷ்

சிவா கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளியில் இங்கிலீஷ் எடுத்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"செயலைச் சொன்னால் வெர்ப்" என்பதை நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். 'டிஸ்ட்ரக்ஷன்' என்றால் அழிப்பது. எவ்வளவு பெரிய செயல்! ஆனால் அது நவுன். 'சீம்' (தோன்றுவது), 'பிலாங்' (உரியதாக இருப்பது) இரண்டும் வெர்ப். அவற்றில் யார் என்ன செய்கிறார்கள்? ஒன்றும் செய்வதில்லை. அர்த்தத்தை வைத்து வகை சொல்வது சின்னக் குழந்தைக்கு முதல் வாரம் சொல்லித்தர உதவும், அதற்கு மேல் ஓடாது.

தமிழில் சொல்லே தன் அடையாளத்தை வாலில் கட்டிக்கொண்டு வரும். 'மரத்தை', 'மரத்தில்' என்றால் கேட்ட உடனே பெயர். 'நின்றாள்' என்றால் வினை, காலம், ஆண் பெண் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். தனியாக எடுத்துப் பலகையில் எழுதினாலும் தெரியும். ஆங்கிலத்தில் 'ஸ்டாண்ட்' என்று மட்டும் பலகையில் எழுதி, இது என்ன வகை என்று கேட்டால் கேள்வியே தப்பு. எந்த வாக்கியத்தில், எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இந்த வாக்கியத்தில் 'ஸ்டாண்ட்' எங்கே நிற்கிறது? முன்னால் 'தி ஓல்ட்' இருக்கிறது. பன்மை ஆக்கிப் பாருங்கள், 'தி ஓல்ட் பஸ் ஸ்டாண்ட்ஸ் ஆர்' என்று ஆகும். இறந்தகாலம் ஆக்கி 'தி ஓல்ட் பஸ் ஸ்டுட் இஸ்' என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆகவே நவுன். அதே 'ஸ்டாண்ட்' வேறு வாக்கியத்தில், 'வி ஸ்டாண்ட் ஹியர் எவ்ரி டே'. இதை 'ஸ்டுட்' ஆக்கலாம். இங்கே வெர்ப்.

'வெயிட்ஸ்' என்பதிலும் பிள்ளைகள் தடுக்குவார்கள். கடைசியில் 'ஸ்' இருக்கிறதே, 'புக்ஸ்' மாதிரிப் பன்மை நவுனோ என்று. அதையும் 'வெயிட்டட்' ஆக்கிப் பாருங்கள், 'நோபடி வெயிட்டட் தேர்' என்று ஒழுங்காக வரும். வெர்ப்தான்.

செக்போஸ்ட்_சிவா

மாஷே, அப்படியென்றால் 'பஸ்'ஸையும் பன்மை ஆக்கிப் பார்த்தால் 'தி ஓல்ட் பஸ்ஸஸ் ஸ்டாண்ட்' என்று வராதே. நவுன் இல்லை என்றுதானே ஆகிறது? டியூஷன்காரர் சொன்னது சரி.

மறையூர்_வெல்லம்

சிவா சொல்வதை ஏற்கிறேன். எங்கள் பள்ளியில் தெளிவாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நவுனைப் பற்றி 'எந்த, எப்படிப்பட்ட' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அட்ஜெக்டிவ். எந்த ஸ்டாண்ட்? பஸ் ஸ்டாண்ட். எப்படிப்பட்ட ஸ்டாண்ட்? ஓல்ட். இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? 'பஸ்' இங்கே அட்ஜெக்டிவ். இதில் வளைக்க ஒன்றும் இல்லை.

மீனாட்சிபுரம்_மாஷ்

ஒரே வேலையைச் செய்கின்றன என்பது சரி. ஒரே வேலையைச் செய்வதால் ஒரே வகை ஆகிவிடாது. 'ஓல்ட்' உடம்பை அசைத்துப் பாருங்கள்: வெரி ஓல்ட், ஓல்டர், ஓல்டஸ்ட், தி ஸ்டாண்ட் இஸ் ஓல்ட். நான்கும் வருகின்றன. இப்போது 'பஸ்': வெரி பஸ் ஸ்டாண்ட்? பஸ்ஸர்? பஸ்ஸஸ்ட்? தி ஸ்டாண்ட் இஸ் பஸ்? ஒன்றுகூட நிற்கவில்லை. நவுன்தான், வேறொரு நவுனுக்கு முன்னால் வந்து அதை விவரிக்கிறது, அவ்வளவே.

சிவா, பன்மை வராததற்குக் காரணம் வேறு. இப்படி இன்னொரு நவுனுக்கு முன்னால் உட்காரும் நவுன் பெரும்பாலும் ஒருமையிலேயே இருக்கும். 'டூத் பிரஷ்' எல்லாப் பல்லையும் தேய்க்கிறது, ஆனாலும் 'டீத் பிரஷ்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஸ்போர்ட்ஸ் டே' மாதிரி விலக்குகளும் உண்டு.

இன்னொன்று, உச்சரித்துப் பாருங்கள். 'பஸ் ஸ்டாண்ட்' சொல்லும்போது அழுத்தம் 'பஸ்' மேல் விழும். 'ஓல்ட் ஸ்டாண்ட்' சொல்லும்போது 'ஸ்டாண்ட்' மேலும் அழுத்தம் வரும். 'பிளாக்போர்ட்' என்று வகுப்பறைப் பலகையைச் சொல்வதற்கும், கறுப்பாக இருக்கிற ஏதோ ஒரு பலகையைப் 'பிளாக் போர்ட்' என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 'பஸ் ஸ்டாண்ட்' இரண்டு நவுன் சேர்ந்த ஒரு கூட்டுப்பெயர்.

மறையூர்_வெல்லம்

மாஷ் சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தேர்வுத்தாளைத் திருத்துகிறவர் 'வெரி பஸ்' வருமா என்று சோதித்துப் பார்த்தா மார்க் போடுவார்? விடைக்குறிப்பில் அட்ஜெக்டிவ் என்று இருந்தால் அட்ஜெக்டிவ்தான். பிள்ளைக்கு மார்க் வேண்டும்.

மீனாட்சிபுரம்_மாஷ்

பிள்ளைக்கு மார்க்கும் வேண்டும், மண்டையும் வேண்டும். 'நவுன் யூஸ்டு ஆஸ் அட்ஜெக்டிவ்' என்று எழுதச் சொல்லுங்கள். எந்த விடைக்குறிப்பு வைத்திருக்கிறவரும் அதை அடிக்க மாட்டார். உண்மைக்கும் விரோதம் இல்லை.

கொழிஞ்சாம்பாறை_அம்மா

இதை மகளிடம் படித்துக்காட்டினேன். உடனே "அப்போ ஓல்ட் பஸ்ஸுக்கான ஸ்டாண்டா, ஓல்டான பஸ் ஸ்டாண்டா?" என்று கேட்கிறாள்!

மீனாட்சிபுரம்_மாஷ்

பலே. அது ஆசிரியர்களே கவனிக்காமல் போகிற இடம். இரண்டு விதமாகவும் பிரிக்கலாம். பழைய பஸ்களை நிறுத்துகிற இடம் என்றும் படிக்கலாம், பழைய பஸ் நிலையம் என்றும் படிக்கலாம். நம் வாக்கியத்தில் பின்னால் ஆள் காத்திருப்பது பற்றி வருவதால் இரண்டாவதுதான் பொருந்தும். எப்படிப் பிரித்தாலும் 'ஓல்ட்' அட்ஜெக்டிவ்தான், வகை மாறாது. எதைத் தொடுகிறது என்பது மட்டும் மாறும்.

நகரி_நெசவு

சித்தூர் என்று பார்த்ததும் நம்ம ஊர்ப் பக்கம் என்று உள்ளே வந்தேன். இது பாலக்காட்டுச் சித்தூர் போல. நான் ஆந்திரா சித்தூர்ப் பக்கம், நகரி. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு.

எங்களுக்கு பாஷா பாகாலு 5 என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்: நாமவாசகம், சர்வநாமம், விசேஷணம், கிரியை, அவ்யயம். இங்கிலீஷ் பீரியடில் 8. பாட்டி வீடு திருத்தணி, அங்கே மாமா பிள்ளைகளுக்கு 4. அதே பஸ், அதே கோயில், அதே ஆள். மொழிக்கு மொழி எண்ணிக்கை ஏன் மாறுகிறது? யாராவது இதைச் சொல்லுங்களேன்.

அப்புறம் எங்கள் அவ்யயத்தில் அட்வெர்ப், பிரிபொசிஷன், கன்ஜங்ஷன், இண்டர்ஜெக்ஷன் (ஐயோ, அடடா மாதிரி) எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். உருவம் மாறாத சொல் எல்லாம் அவ்யயம். இந்தப் பிள்ளைக்குத் தகராறு வந்த 'நியர்', 'ஆஃப்டர்' இரண்டுக்கும் தெலுங்குக் கணக்கில் சண்டையே கிடையாது :)

மொழியியல்_மாணவி

நகரிக்காரர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை, அந்தக் கருத்து மேல்நாட்டிலும் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924-லேயே, அட்வெர்ப், பிரிபொசிஷன், கன்ஜங்ஷன் மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் போடத் தேவையில்லை என்று வாதாடினார். 2002-இல் ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் கொண்டுவந்த பெரிய ஆங்கில இலக்கணம் அதே திசையில் இன்னும் தூரம் போகிறது. அவர்கள் கணக்கில் 'ஆஃப்டர் சிக்ஸ்', 'ஆஃப்டர் தி பஸ் லெஃப்ட்' இரண்டிலும் 'ஆஃப்டர்' பிரிபொசிஷன்தான். 'தேர்' என்பதையும் பிரிபொசிஷனில்தான் சேர்க்கிறார்கள்.

8 எங்கிருந்து வந்தது? கிரேக்கத்திலிருந்து. தியோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் இலக்கணத்தில் எட்டு இருந்தது. ஆனால் இன்றைய எட்டு இல்லை. அதில் ஆர்ட்டிகிள் உண்டு, பார்ட்டிசிபிள் (வினையிலிருந்து பிறந்து பெயரை விவரிக்கும் வடிவம்) தனி வகையாக உண்டு. அட்ஜெக்டிவ் கிடையாது, நவுனுக்குள்ளேயே அடக்கம். இண்டர்ஜெக்ஷனும் கிடையாது. லத்தீனில் ஆர்ட்டிகிளே இல்லை என்பதால் அதை எடுத்துவிட்டு, எட்டு குறையாமல் இருக்க இண்டர்ஜெக்ஷனைத் தனி வகை ஆக்கினார்கள். பின்னால் ஆங்கிலத்துக்கு வரும்போது பார்ட்டிசிபிள் போய், அட்ஜெக்டிவ் தனியாகப் பிரிந்தது. 1795-இல் லிண்ட்லி மர்ரி எழுதிய பள்ளி இலக்கணத்தில் ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது. ஆகவே 8 என்பது ஆங்கிலத்தைப் பார்த்து எண்ணிய எண் இல்லை, கைமாறிக் கைமாறி வந்த எண்.

தமிழில் தொல்காப்பியம் சொல் என்றாலே பெயர், வினை இரண்டுதான் என்கிறது. இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருபவை. 'கோயிலுக்கு' என்பதில் இருக்கிற 'கு' நமக்கு இடைச்சொல்லில் அடங்கிவிடும். ஆங்கிலக்காரருக்கு அது 'டு' என்று தனிச்சொல், அதனால் தனி வகை தேவைப்பட்டது.

ஒரு எச்சரிக்கை. சில கைடுகளில் அட்ஜெக்டிவ் என்றால் உரிச்சொல் என்று போட்டிருப்பார்கள். அப்படி மனப்பாடம் செய்ய வேண்டாம். உரிச்சொல் என்றால் சால, உறு, தவ, நனி, கூர், கழி வரிசை. 'பழைய' என்பதைப் பெயரடை என்று சொல்லிக்கொடுங்கள், குழப்பம் வராது.

மறையூர்_வெல்லம்

அப்படியானால் 'தி' என்ன? டியூஷனில் அட்ஜெக்டிவ் என்று அடித்திருக்கிறார்களே.

மொழியியல்_மாணவி

எட்டுக்குள்ளேயே அடக்க வேண்டும் என்றால் 'தி'யை எங்கே போடுவது? நவுனுக்கு முன்னால் வருகிறது, அதனால் அட்ஜெக்டிவ் பெட்டியில் போட்டார்கள். பழைய பள்ளி இலக்கணங்களில் அப்படித்தான் இருக்கும், டியூஷன்காரர் அந்த வழியில் படித்தவராக இருக்கும். இப்போது பெரும்பாலும் டிட்டர்மைனர் (நவுனுக்கு முன்னால் நின்று எது, யாருடையது என்று வரையறுக்கும் சொல்) என்ற தனி வகை, அதற்குள் ஆர்ட்டிகிள்.

மாஷ் போட்ட சோதனையை இதற்கும் போடுங்கள். 'வெரி தி' வராது. 'தி ஸ்டாண்ட் இஸ் தி' என்று முடிக்க முடியாது. அட்ஜெக்டிவை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம், 'ஓல்ட் டர்ட்டி ஸ்மால் ஸ்டாண்ட்' என்று. 'தி'யோடு 'மை'யையோ 'திஸ்'ஸையோ சேர்க்க முடியாது, 'தி மை ஸ்டாண்ட்' என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். பிள்ளை எழுதிய ஆர்ட்டிகிளை வெட்டியது அநியாயம்.

மட்டுறுத்துநர்

வாக்கியத்தைச் சுற்றியே இருங்கள். திருத்தணியா, எந்தச் சித்தூர், கோபாலபுரம் பஸ் நேரம் என்ன என்ற மூன்று பதிவுகளை அரட்டைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை_அம்மா

'தி'யும் 'பஸ்'ஸும் புரிந்தது. 'நியர்' இன்னும் புரியவில்லை. அவள் அட்வெர்ப் என்று எழுதியதற்குக் காரணம், எங்கே என்று கேட்டால் 'பக்கத்தில்' என்று பதில் வருகிறதாம். எங்கே என்பதற்குப் பதில் வந்தால் அட்வெர்ப் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள்.

மீனாட்சிபுரம்_மாஷ்

எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்வது 'நியர்' மட்டும் இல்லை அம்மா, 'நியர் தி டெம்பிள்' என்ற மூன்று சொல்லும் சேர்ந்து. அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் 'நியர்'. அது பின்னால் ஒரு நவுனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்படிப் பிடித்துக்கொண்டால் பிரிபொசிஷன். 'டெம்பிள்' இல்லாமல் 'தி பஸ் கேம் நியர்' என்று முடிந்தால் அட்வெர்ப். 'எ நியர் ரிலேட்டிவ்' என்றால் அட்ஜெக்டிவ். 'தி பஸ் நியர்டு தி செக்போஸ்ட்' என்றால் வெர்ப்கூட ஆகும். ஒரே சொல், நான்கு வகை.

ஆனால் இதில் பிள்ளையின் பக்கமும் நியாயம் உண்டு. 'நியர்' வழக்கமான பிரிபொசிஷன் மாதிரி இல்லை. 'இன்னர் தி டெம்பிள்', 'அட்டர் தி டெம்பிள்' என்று 'இன்', 'அட்' இரண்டையும் இழுக்க முடியாது. 'நியரர் தி டெம்பிள்' என்று சொல்லலாம், 'வெரி நியர் தி டெம்பிள்' என்றும் சொல்லலாம். அட்ஜெக்டிவின் குணம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'நை' என்பதுதான் மூலம், 'நியர்' என்பதே 'இன்னும் பக்கத்தில்' என்ற ஒப்பீட்டு வடிவம், 'நெக்ஸ்ட்' அதன் உச்ச வடிவம். காலப்போக்கில் 'நியர்' ஒப்பீட்டுக் குணத்தை இழந்து சாதாரணச் சொல் ஆனது, பிறகு அதற்கு மேல் இன்னொரு 'அர்' போட்டு 'நியரர்' ஆக்கினார்கள்.

தேர்வில் பிரிபொசிஷன் என்றே எழுதட்டும்.

'ஆஃப்டர்' இதைவிடச் சுலபம். அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள். வெறும் நவுன் வந்தால் பிரிபொசிஷன்: 'ஆஃப்டர் சிக்ஸ்'. எழுவாயும் வெர்ப்பும் உள்ள முழு வாக்கியத் துண்டு வந்தால் கன்ஜங்ஷன்: 'ஆஃப்டர் தி லாஸ்ட் பஸ் லீவ்ஸ்'. ஒன்றுமே வராமல் முடிந்தால் அட்வெர்ப்: 'ஹி லெஃப்ட் சூன் ஆஃப்டர்'. மாணவி சொன்ன 2002 கணக்கு உண்மைக்கு நெருக்கமாக இருக்கலாம், ஆனால் ஏழாம் வகுப்புத் தாளில் அதை எழுத வேண்டாம்.

'பட்'டும் இப்படித்தான். இங்கே இரண்டு வாக்கியத்தை இணைக்கிறது, கன்ஜங்ஷன். 'நோபடி பட் ஹிம்' என்றால் பிரிபொசிஷன். 'ஹி இஸ் பட் எ சைல்ட்' என்றால் அட்வெர்ப், 'வெறும் குழந்தைதான்' என்ற பொருளில்.

செக்போஸ்ட்_சிவா

எனக்கு 'இஸ்'தான் பிரச்சினை. எங்கள் கிளாஸில் அது 'ஹெல்ப்பிங் வெர்ப்' என்றே பழக்கிவிட்டார்கள். இந்த வாக்கியத்தில் அது யாருக்கு ஹெல்ப் பண்ணுகிறது? கூட வேறு வெர்ப்பே இல்லையே.

கொழிஞ்சாம்பாறை_அம்மா

சிவா தம்பி கேட்டது நல்ல கேள்வி. இதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். பழைய பஸ் ஸ்டாண்ட் கோயிலுக்குப் பக்கத்தில் என்று தமிழில் சொல்லச் சொன்னேன், மகள் அப்படியே சொல்லி நிறுத்திவிட்டாள். 'இஸ்'ஸுக்கு அவளிடம் சொல்லே இல்லை, அதனால் அது ஏதோ ஒட்டு என்று நினைக்கிறாள். அவள் அப்பா அதையே மலையாளத்தில் 'அம்பலத்தின்றெ அடுத்தாணு' என்கிறார். அந்த 'ஆணு'வைத் தொட்டுக் காட்டி, இதுதான் 'இஸ்' என்றதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. மலையாளம் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஒரு இடத்தில் லாபம்தான்.

மீனாட்சிபுரம்_மாஷ்

இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 'ஆணு' தெரிந்த பிள்ளை 'இஸ்'ஸை விடாது. ஆனால் 'வெயிட்ஸ்' என்பதில் 'ஸ்'ஸை விட்டுவிடும், ஏனென்றால் மலையாளத்தில் அவன் வந்தாலும் அவள் வந்தாலும் நான் வந்தாலும் வினை ஒரே வடிவம்தான். நம் பிள்ளைகளுக்கு வந்தான், வந்தாள், வந்தேன் என்று வினை ஆளுக்கேற்ப மாறுவது ரத்தத்தில் இருக்கிறது. 'ஹி வெயிட்ஸ், தே வெயிட்' என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். எல்லையில் வகுப்பெடுத்தால் எந்தப் பிள்ளை எங்கே வழுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சிவா, இந்த 'இஸ்' யாருக்கும் ஹெல்ப் பண்ணவில்லை. தனியாக நிற்கும் முதன்மை வெர்ப், எழுவாயையும் இடத்தையும் இணைக்கிறது. 'நோபடி இஸ் வெயிட்டிங்' என்றால் அப்போது ஹெல்ப்பிங்.

செக்போஸ்ட்_சிவா

அந்த 'வெயிட்டிங்' பற்றியும் கேட்டுவிடுகிறேன். நம்ம ஊரில் ரோட்டோரம் இருக்கிற 'வெயிட்டிங் ஷெட்'டில் 'வெயிட்டிங்' என்ன வகை? பி.எஸ்.சி. மாதிரித்தாளில் இது மாதிரி ஒன்று பார்த்தேன்.

மொழியியல்_மாணவி

அருமையான உதாரணம், புத்தகத்தில்கூட இவ்வளவு நன்றாகக் கிடைக்காது. 'வெயிட்டிங் பாசஞ்சர்ஸ்' என்பதோடு வைத்துப் பாருங்கள். பாசஞ்சர்தான் காத்திருக்கிறார், ஆகவே அங்கே 'வெயிட்டிங்' பார்ட்டிசிபிள், அட்ஜெக்டிவ் வேலை. ஷெட் யாருக்காகவும் காத்திருக்கவில்லை! காத்திருப்பதற்கான ஷெட். ஆகவே இது ஜெரண்ட், நவுன் வேலை.

தமிழ்க்காரருக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு. நம்மிடம் மூன்றுக்கும் தனி வடிவம். 'காத்திருக்கிற பயணிகள்' என்று பெயரெச்சமாக வந்தால் பார்ட்டிசிபிள். 'காத்திருப்பது' என்று தொழிற்பெயராக வந்தால் ஜெரண்ட். 'நோபடி இஸ் வெயிட்டிங்' மாதிரி 'காத்துக்கொண்டிருக்கவில்லை' என்று முற்றுவினைக்குள் போனால் வெர்ப்பின் பகுதி. 'இங்' பார்த்தால் முதலில் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் பதில் கையில் வந்துவிடும்.

மறையூர்_வெல்லம்

இது எனக்குப் பயன்படும். 'ஸ்லீப்பிங் பில்', 'ஸ்லீப்பிங் சைல்ட்' இரண்டுக்கும் போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது. 'பஸ்' விஷயத்தில் மட்டும் என் கட்சி மாறவில்லை, விடைக்குறிப்புதான் ராஜா.

நகரி_நெசவு

'தேர்' பற்றி யாரும் பேசவில்லையே. 'தேர் இஸ் எ பஸ் அட் சிக்ஸ்' என்று எழுதினால் அதுவும் அட்வெர்ப்தானா?

மீனாட்சிபுரம்_மாஷ்

இல்லை. நம் வாக்கியத்தில் 'வெயிட்ஸ் தேர்' என்றால் 'அங்கே', அட்வெர்ப். நீங்கள் எழுதியதில் எந்த இடத்தையும் காட்டவில்லை, எழுவாய் இருக்கவேண்டிய இடத்தை நிரப்பிக்கொண்டு நிற்கிறது. சோதனை சின்னது, கேள்வி வாலைச் சேருங்கள்: 'தேர் இஸ் எ பஸ், இஸின்ட் தேர்?' எழுவாய் வரவேண்டிய இடத்தில் 'தேர்' வந்துவிட்டது. 'தேர் இஸ் எ பஸ் தேர்' என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டாலும் இடிப்பதில்லை.

கொழிஞ்சாம்பாறை_அம்மா

எல்லோருக்கும் நன்றி. மகள் இப்போது எழுதியிருப்பது: தி, ஆர்ட்டிகிள். ஓல்ட், அட்ஜெக்டிவ். பஸ், நவுன் யூஸ்டு ஆஸ் அட்ஜெக்டிவ். ஸ்டாண்ட், நவுன். இஸ், வெர்ப். நியர், பிரிபொசிஷன். தி, ஆர்ட்டிகிள். டெம்பிள், நவுன். பட், கன்ஜங்ஷன். நோபடி, புரோநவுன். வெயிட்ஸ், வெர்ப். தேர், அட்வெர்ப். ஆஃப்டர், பிரிபொசிஷன். சிக்ஸ் என்பதில் அட்ஜெக்டிவ் என்று போட்டு அழித்து நவுன் என்று மாற்றியிருக்கிறாள். எண் என்றால் அட்ஜெக்டிவ் இல்லையா?

மீனாட்சிபுரம்_மாஷ்

'சிக்ஸ் பஸ்ஸஸ்' என்று பின்னால் நவுன் இருந்தால் பள்ளிக் கணக்கில் அட்ஜெக்டிவ். இங்கே பின்னால் ஒன்றும் இல்லை, 'சிக்ஸ்' என்பதே ஆறு மணி என்கிற நேரத்துக்குப் பெயர். 'ஆஃப்டர்' பிடித்துக்கொண்டிருக்கிற நவுன் அதுதான். மாற்றியது சரி. மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், யாரும் சொல்லாமல் தானே அழித்து மாற்றியிருக்கிறாள்.

'நோபடி' மேல் ஒரு சின்னக் குறிப்பு போதும்: இன்டெஃபினிட் புரோநவுன், எப்போதும் ஒருமை, அதனால்தான் 'வெயிட்ஸ்'. 'ஹி இஸ் எ நோபடி' என்று முன்னால் 'எ' வந்தால் நவுன் ஆகிவிடும்.

செக்போஸ்ட்_சிவா

14 சொல்லில் ஏழு வகை வந்துவிட்டது, இண்டர்ஜெக்ஷன் மட்டும் பாக்கி. முன்னால் 'அலாஸ்' சேர்த்துவிட்டால் எட்டும் முடிந்தது அக்கா :)

குமுளி_ஏலம்

இப்போதுதான் முழுசாகப் படித்தேன். எனக்கு 'சின்ஸ்' பற்றி ஒரு சந்தேகம். 'சின்ஸ் மண்டே', 'சின்ஸ் ஹி லெஃப்ட்', 'சின்ஸ் யூ ஆர் ஹியர்' மூன்றிலும்...

மட்டுறுத்துநர்

குமுளி, 'சின்ஸ்'ஸுக்குப் புது இழை தொடங்குங்கள். மாஷையும் மாணவியையும் அங்கே அழைத்துவிடுகிறேன்.